இந்த வயசுல அதெல்லாம் வராது

புற்றுநோய் என்றதும் நம் மனதில் வருகிற ஆள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். வெற்றிலையோடு புகையிலை போட்டவர், பீடி குடித்தவர், மாதவிடாய் நின்று சில வருடம் கழித்து மார்பில் கட்டி கண்டவர். கணக்கும் அதற்கு ஒத்துத்தான் போகிறது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆனால் சார்கோமா என்று ஒரு புற்றுநோய்க் குடும்பம் இருக்கிறது. எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக்குழாய்ச் சுவர், நரம்பு உறை இவற்றில் தோன்றுவது. அதற்கு இந்தக் கணக்கு அப்படியே சரிப்பட்டு வருவதில்லை. கைக்குழந்தைக்கும் வரும், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கும் வரும், பேரன் பேத்தி எடுத்தவருக்கும் வரும். மூவருக்கும் சார்கோமா என்றே சீட்டில் எழுதுவார்கள். நோய் மட்டும் ஒன்றல்ல.

நான் பிசியோதெரபிஸ்ட், மருத்துவர் அல்ல. அறுவை சிகிச்சை முடிந்து, காலுக்குள் உலோக மூட்டோடு வருகிறவர்களையும் கால் எடுக்கப்பட்டு வருகிறவர்களையும் நடக்க வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. எப்படித் தெரிய வந்தது என்று கேட்டால், அவர்கள் சொல்லும் கதையில் எங்கேயாவது ஒரு இடத்தில் இந்த வாசகம் வந்துவிடுகிறது: "இந்த வயசுல அதெல்லாம் வராதுன்னு சொல்லிட்டாங்க சார்." பள்ளிக்கூடப் பையனின் அம்மாவும் இதைச் சொல்கிறார், எழுபதைத் தொட்ட ஐயாவும் இதையே சொல்கிறார். சின்ன வயசு என்பதால் புற்றுநோய் இல்லை என்று அங்கே, வயசானால் மூட்டு வலியும் கட்டியும் சகஜம் என்று இங்கே. இந்த வாசகத்தால் போன மாதங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் 1 சதவீதம்தான். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அது 10 முதல் 15 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு 'அப்படியென்றால் சார்கோமா குழந்தைகள் நோய்' என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு நுரையீரல், குடல், வாய், மார்புப் புற்றுநோய்கள் அநேகமாக வருவதே இல்லை. மொத்த எண்ணிக்கையே சிறியது, அதனால் அதில் சார்கோமாவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. எல்லா சார்கோமாக்களையும் சேர்த்து ஆள் எண்ணிக்கைக்கு இத்தனை பேர் என்று பார்த்தால், ஆபத்து அதிகம் முதியவர்களுக்குத்தான். அமெரிக்காவில் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் சார்கோமா கண்டறியப்படுகிறவர்களின் நடு வயது 60-ஐ ஒட்டி இருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இளையவர்கள் அதிகம் கண்ணில் படுவதற்கு, நம் ஜனத்தொகையிலேயே இளையவர்கள் அதிகம் என்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, மொத்தமாக ஒரு கோடு போட்டால் வயதோடு ஏறுகிற கோடுதான் கிடைக்கும். ஆனால் அந்த மொத்தத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயசு இருக்கிறது. அதில் மிகத் தெளிவாகத் தெரிவது எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா. அதன் கோட்டில் இரண்டு மேடுகள். ஒன்று பத்து முதல் இருபது வயதுக்குள், இன்னொன்று அறுபதுக்கு மேல். நடுவில் பள்ளம்.

முதல் மேட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குள் ஆஸ்டியோசார்கோமா அபூர்வம். குழந்தை வளர்ந்து, பருவ வயதில் திடீரென்று உயரம் கூடுகிற காலத்தில்தான் எண்ணிக்கை ஏறுகிறது. பெண் பிள்ளைகள் முன்னதாகவே வயதுக்கு வருகிறார்கள், முன்னதாகவே உயர்கிறார்கள். அவர்களுக்கு இந்த நோயின் உச்சமும் ஆண் பிள்ளைகளைவிட ஓரிரு வருடம் முன்னதாக வருகிறது. இடத்தைப் பாருங்கள். ஏறக்குறைய பாதி முட்டியைச் சுற்றியே வருகிறது: தொடை எலும்பின் கீழ் முனை, கால் எலும்பின் மேல் முனை. அடுத்தபடியாகத் தோளுக்குக் கீழே, மேற்கை எலும்பின் மேல் முனை. வளரும் வயதில் உடம்பின் உயரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இதே இடங்கள்தான். தொடை எலும்பின் நீளத்தில் சுமார் 70 சதவீதம் அதன் கீழ் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டில் உருவாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. அங்கே மட்டும். செல்கள் அவ்வளவு வேகமாகப் பிரியும்போது மரபணுவைப் படியெடுப்பதில் பிழை விழ வாய்ப்பும் கூடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சராசரியைவிட மிக உயரமான பிள்ளைகளிடம் இந்த நோய் சற்று அதிகம் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நாய்களிடமும் இதே கதைதான். கிரேட் டேன், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டு மாதிரி பேருருவ நாய்களுக்கு ஆஸ்டியோசார்கோமா அதிகம், மடியில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன நாய்களுக்கு அபூர்வம்.

இதைப் படித்துவிட்டு உயரமான பிள்ளை வைத்திருக்கிறவர்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பிள்ளைகளிலும் விடலைகளிலும் பத்து லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 4, 5 பேருக்குத்தான் இந்த நோய் வருகிறது. முட்டி வலி என்று வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இல்லை. ஆனால் இருக்கிற அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க ஒரு எக்ஸ்ரே போதும். அந்த எக்ஸ்ரேவை எடுக்காமல் தள்ளிப்போடுவது பெரும்பாலும் வயதைக் காரணம் காட்டித்தான்.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1976 நவம்பரில் ஒரு கார் விபத்து. பெரிய அடி இல்லை, வலது முட்டியில் மட்டும் வலி. கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று அந்த வலியோடு ஆடினார். 1977 மார்ச்சில் வலி தாங்க முடியாமல் போய்ப் பார்த்தபோது ஆஸ்டியோசார்கோமா. வயது 18. முட்டிக்கு மேலே காலை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். பிழைக்க பாதி வாய்ப்பு உண்டு என்றும், இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் 15 சதவீதம்தான் என்றும் அவரிடம் சொன்னார்கள். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓட ஆரம்பித்தார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் தண்டர் பே நகருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் 28 அன்று இறந்தார். இருபத்துமூன்று முடியவில்லை.

அவர் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தக் கார் விபத்தை. விபத்தால்தான் முட்டி பலவீனப்பட்டு நோய் வந்தது என்று அவர் நம்பினார். மருத்துவர்கள் சம்பந்தமில்லை என்றார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளின் பெற்றோரும் ஏதோ ஒரு அடியிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். பதினாலு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். "கபடி ஆடுறப்ப விழுந்துட்டான் சார். சுளுக்குன்னு நினைச்சோம். தைலம் போட்டு தினமும் நீவி விட்டோம்." ஒரு கிளினிக்கில் வளர்கிற வலி என்று சொல்லி கால்சியம் மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். பையன் கட்டிலில் படுத்திருந்தபோதே முட்டிக்கு மேலே ஒரு பக்கம் புடைத்திருப்பது தெரிந்தது. கையை வைத்தால் சூடு, தோலுக்கு அடியில் நரம்பு பச்சையாக ஓடியது. இன்ச் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தேன். வலிக்கிற காலில் தொடை நடுவில் மெலிந்திருந்தது, முட்டிக்கு மேலே பருத்திருந்தது. நடக்காமல் பாதுகாத்ததில் தசை கரைந்திருக்கிறது, கீழே ஏதோ வளர்ந்திருக்கிறது. "ராத்திரி வலிக்குதாப்பா?" என்றேன். "ராத்திரிதான் அண்ணா ஜாஸ்தி" என்றான். உடற்பயிற்சி எதுவும் சொல்லிக் கொடுக்காமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன்.

படத்தில் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்க விளிம்பு கலைந்து, அங்கிருந்து வெளியே சதைக்குள் சூரியக் கதிர் மாதிரி மெல்லிய கோடுகள். கொஞ்சம் மேலே எலும்பின் மேலுறை தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு சின்ன முக்கோணம். அந்த முக்கோணத்துக்குக் காட்மன் என்று பெயர். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், நூறு வருடத்துக்கு முன்னால் எலும்பு சார்கோமா நோயாளிகளுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கி, நாடெங்கிலுமிருந்து படங்களையும் விவரங்களையும் திரட்டியவர். எவ்வளவு அபூர்வமான நோய் என்பதும், ஒரு மருத்துவர் தனியாகப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பதும் அவருக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

அடி பட்டதால் நோய் வருவதில்லை. ஏற்கெனவே இருந்த நோய் அடிபட்ட பிறகு கவனத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். வளர்கிற வலி என்பது பொய்யும் அல்ல. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அது பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், சாயந்தரமோ ராத்திரியோ வரும், காலையில் எழுந்தால் பிள்ளை ஓடி விளையாடும். ஒரே காலில், விரலை வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், வாரத்துக்கு வாரம் கூடுகிற, தூக்கத்தைக் கெடுக்கிற, நொண்ட வைக்கிற வலியை அந்தப் பெயரில் அடக்கக்கூடாது. வீக்கமும் இருந்தால் நாள் கடத்தவே கூடாது. தைலம் போட்டு அழுத்தி நீவுவதையும் இறுக்கிக் கட்டுவதையும் உடனே நிறுத்துங்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். இதெல்லாம் பிராய்லர் கோழியாலா, பாக்கெட் தின்பண்டத்தாலா, செல்போனாலா? பெற்றோர் தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஸ்வார்ட்கிரான்ஸ் என்ற குகையில் கிடைத்த, சுமார் 17 லட்சம் ஆண்டு பழைய மனித மூதாதை ஒருவரின் பாத எலும்பில் ஆஸ்டியோசார்கோமா இருந்ததை 2016-இல் வெளியிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த, 7 கோடியே 60 லட்சம் ஆண்டு பழைய சென்ட்ரோசாரஸ் டைனோசரின் கால் எலும்பிலும் இதே நோய் இருந்ததை 2020-இல் உறுதிப்படுத்தினார்கள். நீங்கள் சமைத்துப் போட்ட எதனாலும் உங்கள் பிள்ளைக்கு இது வரவில்லை அம்மா.

பிறகு ஏன் வருகிறது? 1954-இல் பீட்டர் ஆர்மிடேஜ், ரிச்சர்ட் டால் என்ற இரு ஆங்கிலேயர்கள் பலவகைப் புற்றுநோய் மரணங்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆபத்து ஏறத்தாழ வயதின் ஆறாம் அடுக்கில் கூடிக்கொண்டே போயிற்று. ஒரு செல் புற்றாக மாற ஆறேழு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர வேண்டும், அதற்குப் பல பத்தாண்டு பிடிக்கிறது என்று விளக்கினார்கள். குடல் புற்றுநோய்க்கு இது நன்றாகப் பொருந்தும். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அத்தனை பத்தாண்டு ஏது?

பதில் சார்கோமாவின் மரபணுவில் இருக்கிறது. இளவயதில் வரும் பல சார்கோமாக்களில் ஆறேழு மாற்றம் தேவைப்படுவதில்லை. இரண்டு குரோமோசோம்கள் ஒடிந்து, தவறான ஜோடியாக ஒட்டிக்கொள்கின்றன. அதில் பிறக்கும் புதிய கலப்பு மரபணு ஒன்றே செல்லைத் தடம் மாற்றப் போதுமானது. ஜேம்ஸ் யூயிங் 1921-இல் விவரித்த யூயிங் சார்கோமாவில் பெரும்பாலும் 11-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் இப்படிச் சேர்கின்றன. இதுவும் பத்து முதல் இருபது வயதில்தான் அதிகம். ஆனால் இடுப்பெலும்பு, விலா, நீள எலும்புகளின் நடுத்தண்டு என்று வேறு இடங்களில் வருகிறது. காய்ச்சலும் சேர்ந்து வருவதால் எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்து நாள் போகும். இருபதுகளிலும் முப்பதுகளிலும் மூட்டுகளுக்குப் பக்கத்தில் மெதுவாக வளரும் சைனோவியல் சார்கோமாவில் எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும். மொத்த மரபணுத் தொகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், இந்த ஒரு பிழையைத் தவிர.

முதியவர்களின் சார்கோமா நேர்மாறு. குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் தாறுமாறாகக் கிடக்கும். வருடக்கணக்கில் சேர்ந்த சேதம். ஆர்மிடேஜும் டாலும் சொன்ன கதை இங்கே ஓரளவு பொருந்துகிறது. ஆஸ்டியோசார்கோமா மட்டும் இரண்டிலும் சேராது. விடலைப் பையனுக்கு வந்தாலும் அவன் கட்டியின் மரபணு எழுபது வயதுக்காரர் கட்டியைப் போலக் கலைந்து கிடக்கும். 2011-இல் இங்கிலாந்தில் ஒரு குழு இதற்கு ஒரு வழியைக் காட்டியது. ஒரே நிகழ்வில் ஒரு குரோமோசோம் கீழே விழுந்த கண்ணாடி வளையல் மாதிரி துண்டு துண்டாகச் சிதறி, செல் அதை அவசரமாக ஒட்டவைத்துக்கொள்வதில் வரிசை மாறிவிடுகிறது. எலும்புப் புற்றுநோய்களில் இதைக் கணிசமாகக் கண்டார்கள். நாற்பது வருடத்தில் சேர வேண்டிய சேதம் ஒரே நாளில் நடந்துவிட முடியும் என்று தெரிந்தபோது, எனக்கு அந்தக் கபடிப் பையனின் வயது புரிந்த மாதிரி இருந்தது.

இன்னும் சிலருக்கு முதல் பிழை பிறக்கும்போதே வந்துவிடுகிறது. 1969-இல் ஃபிரெடெரிக் லீ, ஜோசஃப் ஃபிராமெனி என்ற இரு மருத்துவர்கள் நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகளுக்குச் சார்கோமா, இளவயதுத் தாய்மாருக்கு மார்பகப் புற்றுநோய். செல்லைக் காவல் காக்கும் டி.பி.53 என்ற மரபணு பழுதுபட்டுப் பரம்பரையாக இறங்குவதுதான் காரணம் என்று 1990-இல் தெரிந்தது. விழித்திரைப் புற்றுநோய் பரம்பரையாக வந்த குழந்தைகளுக்கும் அப்படித்தான். கண்ணில் வந்ததைக் குணப்படுத்தி வளர்த்து ஆளாக்கினால், விடலைப் பருவத்தில் எலும்பில் சார்கோமா வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. தோலில் காபி நிறப் படைகளும் முடிச்சுகளும் வரும் நரம்பிழைக் கழலை நோய் உள்ளவர்களுக்கு, வாழ்நாளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் நரம்பு உறையில் சார்கோமா வருகிறது. மற்றவர்களுக்கு வருவதைவிடப் பத்து வருடமாவது முன்னதாக. அதனால் குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று மருத்துவர் கேட்டால் மறைக்காதீர்கள். கல்யாணச் சந்தையில் பேர் கெட்டுவிடும் என்று சித்தியின் நோயை மறைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மறைப்புக்கு அடுத்த தலைமுறை விலை கொடுக்கிறது.

பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு அதிகம் வருவது தசையோடு தொடர்புடைய ராப்டோமயோசார்கோமா. கண்குழியில், மூக்குக்குப் பின்னால், சிறுநீர்ப்பையில் என்று நாம் தசையை எதிர்பார்க்காத இடங்களில் வரும். ஒரு கண் மட்டும் சில வாரத்தில் முன்னே துருத்துவது ஒரு அடையாளம். முதல் வயதுக்குள் கை காலில் வேகமாக வளரும் சிசு ஃபைப்ரோசார்கோமா என்று ஒன்று உண்டு. பார்க்க பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரியவர்களுக்கு வருவதைவிட நன்றாகக் குணமாகும். அதற்குக் காரணமான கலப்பு மரபணுவையே குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி கொடுத்தது.

நாற்பதுக்கு மேல் போனால் வகைகள் மாறுகின்றன. குருத்தெலும்பில் வரும் காண்ட்ரோசார்கோமா, ஐம்பதுகளில் தொடையிலோ வயிற்றின் பின்பக்கத்திலோ வரும் லைப்போசார்கோமா, கர்ப்பப்பையிலும் ரத்தக்குழாயிலும் வரும் லெயோமயோசார்கோமா, அறுபது எழுபதில் தொடைச் சதைக்குள் வரும் வகைபிரிக்க முடியாத சார்கோமா, முதியவர்களின் தலைத்தோலில் ரத்தக்கட்டு மாதிரி ஆரம்பித்துப் பரவும் ஆஞ்சியோசார்கோமா. இவை வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் வலியே இருக்காது. அதுதான் ஆபத்து. "வலியே இல்லையேப்பா, கொழுப்புக் கட்டிதானே" என்பார்கள். உண்மையில் கொழுப்புக் கட்டிகள் சார்கோமாவைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம், ஆகவே அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ, தோலுக்கடியில் நழுவாமல் சதைக்குள் ஆழமாக இருந்தாலோ, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ, ஸ்கேன் இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது. தொடையில் இருந்த கட்டியை ஒரு நர்சிங் ஹோமில் அரைமணி நேரத்தில் வழித்தெடுத்துவிட்டு, பரிசோதனைக்கும் அனுப்பாமல் தையல் போட்டு அனுப்பிய ஐயா ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். அது திரும்ப வளர்ந்தபோது சுற்றியிருந்த நல்ல தசை முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசி பயாப்சி செய்து, பிறகு கை வைத்திருந்தால் அந்தத் தொடையில் இன்னும் கொஞ்சம் பலம் மிஞ்சியிருக்கும்.

வயது என்பது பிறந்த நாளிலிருந்து எண்ணுவது மட்டுமல்ல, உடம்புக்குள் ஒன்று நுழைந்த நாளிலிருந்து எண்ணுவதும்தான். கபோசி சார்கோமா நல்ல உதாரணம். 1872-இல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி விவரித்தபோது அது வயதான ஆண்களின் கால் தோலில் மெதுவாகப் பரவும் நோய். 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களுமாக 26 பேருக்கு அதே நோய் என்று அறிக்கை வந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. எய்ட்ஸின் முதல் அடையாளங்களில் அது ஒன்று. மனித ஹெர்பிஸ் வைரஸ் 8 தான் காரணம் என்பது 1994-இல் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த வைரஸ் தலை தூக்குகிறது. முதுமையில் மெதுவாக நடந்ததை எச்.ஐ.வி. இளமையிலேயே நடத்திவிட்டது.

அமெரிக்காவில் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த மினுக்குச் சாயம் தீட்டிய பெண்களின் கதையும் இதுதான். நுனியைக் கூராக்க தூரிகையை உதட்டில் வைத்து ஈரப்படுத்தச் சொன்னார்கள். பலர் பதின்வயதுப் பெண்கள். கால்சியம் போலவே ரேடியமும் எலும்பில் போய்த் தங்கியது. சில வருடங்களில் தொடங்கி, பல பத்தாண்டு கழித்தும் அவர்களுக்கு எலும்பு சார்கோமா வந்துகொண்டே இருந்தது. நாற்பது வயதில் நோய் வந்த பெண்ணுக்கு அது பதினெட்டு வயதில் தொடங்கிய நோய்.

அறுபதுக்கு மேல் வரும் ஆஸ்டியோசார்கோமாவின் இரண்டாம் மேட்டிலும் இப்படிப் பழைய கணக்கு நிறைய இருக்கிறது. வேறு புற்றுநோய்க்கு எப்போதோ கொடுத்த கதிர்வீச்சு ஒரு காரணம். ஜேம்ஸ் பேஜட் 1877-இல் விவரித்த, எலும்பு தடித்து வளையும் பேஜட் நோய் இன்னொன்று. அந்த நோய் உள்ளவர்களிலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் சார்கோமாவாக மாறும். இந்த வயதில் இடமும் மாறுகிறது. முட்டி மட்டுமல்ல, இடுப்பு, முதுகெலும்பு, மண்டை ஓடு என்று வருகிறது. முதியவர் எலும்பில் ஒரு ஓட்டை தெரிந்தால் அது வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றாகவோ, எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் மருத்துவர்கள் அந்த வழியில் யோசிப்பது நியாயம். ஆனால் லேசாகத் தடுக்கியதில் உடைந்த எலும்புக்கு, அந்த இடம் ஏன் பலவீனமாயிற்று என்று பயாப்சி பார்க்காமல் உள்ளே ராடு போட்டுவிட்டால், சார்கோமாவாக இருக்கும் பட்சத்தில் அந்த ராடு நோயை எலும்பு நெடுகக் கொண்டுபோய்விடும். "சாதாரணமா உடையுற உடைப்பா இது?" என்று வீட்டார் கேட்கலாம். கேட்க வேண்டும்.

சிகிச்சையிலும் வயது குறுக்கே நிற்கிறது. விடலைகளின் ஆஸ்டியோசார்கோமாவுக்கு அறுவை சிகிச்சையோடு மெத்தோட்ரெக்சேட், டாக்சோருபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1970களுக்கு முன்னால், காலை எடுத்தும், ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இப்போது பரவாத நிலையில் கண்டுபிடித்தால் மூன்றில் இரண்டு பேர் அளவில் பிழைக்கிறார்கள். பெரிய அளவு மெத்தோட்ரெக்சேட்டை முதியவரின் சிறுநீரகம் தாங்காது. அதனால் அதே நோய் அறுபத்தைந்தில் வந்தால் மருந்தும் குறைகிறது, பலனும் குறைகிறது.

காலைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சைக்கு வெளிநாட்டு மூட்டுகளின் விலை எட்டாதிருந்த காலத்தில், இங்கேயே செய்த உலோக மூட்டுகளைப் பொருத்தும் வழியைச் சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் வளர்த்தெடுத்தார். அவர் மூலம் எத்தனையோ பேர் சொந்தக் காலில் நடக்கிறார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு மூட்டு வைத்தால் அந்தக் கால் அதோடு நிற்கும், மற்றக் கால் வளரும். முட்டியைச் சுற்றி மட்டுமே ஆண்டுக்கு ஒன்றரை செ.மீ. வித்தியாசம். அதற்காக நீட்டிக்கக்கூடிய மூட்டுகள் வந்திருக்கின்றன. இன்னொரு வழி, முட்டிப் பகுதியை நோயோடு எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பின்பக்கமாகத் திருப்பி மேலே பொருத்துவது. குதிகால் முன்னே பார்க்கும், கணுக்கால் முட்டியாக வேலை செய்யும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு மனசு பதறும். ஆனால் அந்தப் பிள்ளைகள் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள், சைக்கிள் மிதிப்பார்கள். பாதத்தை மடக்கி முட்டியை ஆட்டுவதைப் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே சின்ன வயசு என்பது பெரிய வரம்.

சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள், எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். டாக்சோருபிசின் வாங்கிய இதயத்தை முப்பது வயதிலும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதித்திருக்கலாம். கதிர்வீச்சு பட்ட இடத்தில் இருபது வருடம் கழித்து ஒரு கட்டி வந்தால், கதிர்வீச்சால் வந்த சார்கோமாவா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிள்ளை வளர்ந்து வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருக்கும், பெண் பிள்ளையென்றால் கர்ப்பமாகி வேறொரு மருத்துவரிடம் போய் நிற்கும். அந்த மருத்துவரிடம் "சின்ன வயசுல கால்ல ஆபரேஷன் பண்ணாங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. ஃபைலைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.